தழும்புகளுக்குக் கோடு போடுகிறவள்

படம் திரையில் விரிந்ததும் தோரா இஸ்பிஸ்டர் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவாள். நெற்றி கீழே, பிடரி மேலே. அப்படியே வைத்துக்கொண்டு, காலையில் பேக்கரியில் வாங்கிய பட்டரி ரொட்டியைக் கடிப்பாள். உப்பும் கொழுப்புமாக இருக்கும் அந்தத் தட்டை ரொட்டி இல்லாமல் அபர்டீன் நகரத்தில் யாருக்கும் பொழுது விடியாது. தின்று முடித்து, விரல்களைக் கால்சட்டையில் அழுந்தத் துடைத்துக்கொண்ட பிறகுதான் மவுஸைத் தொடுவாள். எதற்கு இந்தத் தலைகீழ் வித்தை என்று கேட்டால், "நேரா வச்சுப் பார்த்தா கண்ணு தனக்குத் தெரிஞ்சதைத்தான் பார்க்கும். கவுத்துப் போட்டா அதோட படிப்பெல்லாம் மறந்துபோவும். அப்பத்தான் இருக்கறதைப் பார்க்கும்" என்பாள்.

அவள் பார்ப்பது மனித மூளையின் ஸ்கேன் படங்கள். ரொட்டியைச் சீவுவதுபோல் ஒரு மூளையை மெல்லிய சீவல்களாகப் பிரித்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். எல்லாம் ஒரே வியாதிக்காரர்களுடையவை. ஊரில் அதை எம்.எஸ். என்று இரண்டெழுத்தில் சொல்வார்கள். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரர்களே வீட்டுக்குள் புகுந்து நரம்புகளின் மேலுறையை உரித்துப்போடுகிற வியாதி அது. உரிந்த இடம் தழும்பாகிறது. படத்தில் அந்தத் தழும்பு வெள்ளையாகத் தெரியும்.

அந்த வெள்ளையைச் சுற்றி, ஒவ்வொரு சீவலிலும், கோடு போடுவது தோராவின் தொழில். கோட்டுக்குள் அடங்கியதையெல்லாம் கணினி கூட்டி, இந்த மூளையில் இவ்வளவு தழும்பு என்று சொல்லும். போன வருடத்துப் படத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்து, மூளை மொத்தத்தில் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதையும் சொல்லும். புது மருந்து ஒன்று வேலை செய்கிறதா, இல்லையா என்பது அந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது. மயிரிழை வெளியே போனால் வியாதி கூடிவிடும். மயிரிழை உள்ளே வந்தால் குறைந்துவிடும். அந்தப் பக்கம் வியாதிக்காரருக்கு ஒன்றுமே ஆகியிருக்காது.

இப்போதெல்லாம் முதல் கோட்டை ஒரு மென்பொருள்தான் போடுகிறது. மனிதர்கள் அதைத் திருத்துகிறார்கள். தோரா அதற்கு வைத்திருக்கிற பெயர் 'மாப்பிள்ளை'. வந்த அன்றைக்கே எல்லாம் தெரியும் என்று உட்கார்ந்துகொண்டதாம். மூளைக்குள் நீர் தேங்கும் அறைகளின் ஓரத்தில் இயல்பாகவே ஒரு மெல்லிய வெளுப்பு இருக்கும். மாப்பிள்ளை அதையும் தழும்பு என்று வளைத்துப்போட்டுவிடுவார். "ஈரத்தைக் கண்டா இவருக்கு எல்லாமே வெள்ளம்" என்று முணுமுணுத்துக்கொண்டே அழிப்பாள். ஆனால் மாப்பிள்ளையை வெளியே அனுப்பச் சொன்னவள் இல்லை. கண் அயரும் நேரத்தில் அவள் விட்ட ஒரு சின்னப் புள்ளியை அது பிடித்துக்கொடுத்த நாட்களும் உண்டு. அன்றைக்கு மாப்பிள்ளைக்கு மரியாதை கூடும்.

அடுத்த மேசையில் கிரெகர் மில்ன். அவள் வயதுக்காரன், அவளைப் போலவே கோடு போடுகிறவன், அபர்டீனிலேயே பிறந்து வளர்ந்தவன். கிரெகரின் கோடு தழும்பை ஒட்டி, தோலுக்கு ஒட்டிய சட்டைபோல் இருக்கும். சந்தேகமான விளிம்பு ஒன்றையும் உள்ளே விடமாட்டான். தோரா அவனைக் கருமி என்பாள். நீ வாரி இறைக்கிறாய் என்பான் அவன். அந்த ஊர் ஆண்கள் எந்த வயதுப் பெண்ணையும் 'புள்ள' என்றுதான் கூப்பிடுவார்கள். கிரெகரும் அப்படியே. "ஐம்பதைத் தாண்டியாச்சு, இன்னும் என்னடா புள்ள" என்று அவள் கேட்காத வாரம் இல்லை. இருவர் கோட்டுக்கும் நடுவில் நின்று நியாயம் சொல்கிறவர் டாக்டர் ஸ்ட்ரூவன் ஃபார்க்கர். நரம்பு வைத்தியர். மருந்துச் சோதனைகளுக்கெல்லாம் பொறுப்பாளி. நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம்தான் சண்டை போடுவது கஷ்டம் என்பது தோராவின் கட்சி.

அவள் வடக்கே கடலுக்குள் கிடக்கும் ஆர்க்னி தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த வெஸ்ட்ரே தீவுக்காரி. வேறெங்கும் இல்லாத அளவுக்கு இந்த வியாதி புழங்குகிற தீவுகள் அவை. ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவளுடைய அத்தை ஜெஸ்ஸி-ஆனுக்கும் அது இருந்தது. அந்தக் காலத்தில் அதைக் காட்டிக்கொடுக்கப் படம் கிடையாது. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அத்தை விழுவாள். நாக்கு குழறும். படகில் வந்துபோகிற வைத்தியர் அதை மனப்பிரமை என்றார், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார். ஊர் அவ்வளவு நாகரிகமாகச் சொல்லவில்லை. குடிக்கிறாள் என்றது. தேவாலயத்தில் அத்தையின் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாள், போவாள்.

அபர்டீனில் ஸ்கேன் இயந்திரம் வந்தபோது அத்தை படுக்கையோடு கிடந்தாள். அங்கே கணக்குப் படித்துக்கொண்டிருந்த தோராதான் அவளை வரவழைத்துப் படம் எடுக்க ஏற்பாடு செய்தாள். வைத்தியர் படத்தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூளை முழுக்க வெள்ளை. அத்தை சிரித்தாளாம். "பார்த்தியா, நான் குடிக்கலை" என்றாளாம். வேறெதையும் கேட்கவில்லை. தோரா கணக்குப் படிப்பைக் கொண்டுவந்து இந்தத் திரைக்கு முன்னால் போட்டது அதற்குப் பிறகுதான். "அளந்து வச்சுட்டா அப்புறம் எந்தப் பயலும் பிரமைன்னு சொல்ல முடியாது" என்பது அவள் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம். அதற்கு நேர் எதிரான இன்னொன்றும் வரும்: "படம் வேற, ஆளு வேற." மூளையெல்லாம் தழும்பாக இருந்தும் மலையேறுகிறவர்களை அவளுக்குத் தெரியும். நாலைந்து புள்ளிகளோடு நாற்காலியை விட்டு எழாதவர்களையும் தெரியும். இரண்டும் உண்மை என்பாள்.

ஒரு மார்ச் மாதக் காலையில், பேருந்து நிறுத்தத்தில், எதிரே வந்து நின்ற தபால் வண்டி அவளுக்குச் சரியாகப் படவில்லை. இடது கண்ணைப் பொத்தினாள். வண்டி நல்ல சிவப்பு. வலது கண்ணைப் பொத்தினாள். வண்டி துருப்பிடித்துப் போயிருந்தது. கண்ணை ஓரத்துக்கு உருட்டியபோது உள்ளே யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல் வலித்தது. பேருந்து வந்தது, அவள் ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது. இன்னொருவருக்கு இப்படி என்றால் அது என்ன என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாள். தனக்கு என்று வந்தபோது அந்த வார்த்தையைத் தள்ளிவைக்க இரண்டு பேருந்துக்குரிய நேரம் தேவைப்பட்டது.

வேலைக்குப் போனாள். ரொட்டியைப் பிரித்தாள். மவுஸைத் தொடவில்லை. கிரெகரிடம் திரும்பி, "இன்னிக்கு நான் கோடு போடமாட்டேன். என் இடது கண்ணு பொய் சொல்லுது" என்றாள். அவன் கேலிக்கு வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

அவளையும் ஸ்கேன் குழாய்க்குள் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். ஸ்ட்ரூவன் தன் அறைக்குக் கூப்பிட்டு, தேநீர் வரவழைத்து, கதவைச் சாத்தினார். அவர் எப்படித் தொடங்குவார் என்பது அவளுக்கு மனப்பாடம். எத்தனையோ பேரிடம் அவர் தொடங்கியதைக் கேட்டவள். படத்தை முதலில் நான் பார்க்கிறேன் என்றாள். இப்போது வேண்டாம், கொஞ்சம் போகட்டும் என்றார் அவர். தோராவுக்குக் கோபம் வந்தால் மட்டும்தான் அவர் அவளுக்கு டாக்டர். மற்ற நேரத்தில் பெயரோடு சரி.

"டாக்டரே, இத்தனை வருசமா ஊரான் மூளையையெல்லாம் பார்த்தவ நான். என் மூளையப் பார்க்க உங்ககிட்ட அனுமதிச் சீட்டு வாங்கணுமா?"

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் படத்தைக் கவிழ்த்தாள். மெதுவாக, ஒவ்வொரு சீவலாக, கீழிருந்து மேலே போனாள். நீர் அறைகளைச் சுற்றி விரல்விரலாக நீட்டிக்கொண்டிருந்த வெள்ளையைப் பார்த்தாள். அவற்றில் சில பழையவை. அவளுக்கே தெரியாமல், வலிக்காமல், எப்போதோ வந்து ஆறிப்போனவை. மற்றவர்களுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்த வருடங்களில் இதெல்லாம் உள்ளே நடந்திருக்கிறது. தேநீர் ஆறியது. "ம். நான் குடிக்கலை" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள். ஸ்ட்ரூவனுக்குப் புரியவில்லை. பிறகு கிரெகர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

மருந்து ஊசியும் ஓய்வுமாகச் சில வாரங்களில் கண் முக்கால்வாசி திரும்பிவந்தது. சிவப்பு மறுபடி சிவப்பானது. வேலைக்குத் திரும்பிய அன்று ஸ்ட்ரூவன் ஒரு நல்ல சேதி சொல்வதுபோல் சொன்னார்: இனிமேல் அவள் கோடு போட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். கூட்டங்களுக்குப் போகலாம். பதவி, மரியாதை எதுவும் குறையாது.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அதுதான் தோராவை இன்னும் சுட்டது. நடந்துகொண்டிருந்தது ஒரு பெரிய மருந்துச் சோதனை. வடக்கே ஷெட்லாந்திலிருந்து தெற்கே டண்டீ வரை எத்தனையோ பேர், கால் இழுக்க, கை நடுங்க, ஒவ்வொரு வருடமும் வந்து அந்தக் குழாய்க்குள் படுத்துப் போகிறார்கள். அளந்தவளுக்கே கண் சரியில்லை என்று நாளைக்கு ஒருவன் எழுந்து நின்று சொன்னால் அத்தனை பேர் பாடும் குப்பைக்குப் போகும். இதை ஸ்ட்ரூவன் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

ஆனால் அவர் அளந்து பார்க்காமல் சொல்கிறார். அதை அவளால் விழுங்க முடியவில்லை. அத்தையைப் பார்க்காமலே பிரமை என்றவனுக்கும், தன்னை அளக்காமலே ஓய்வெடு என்கிறவருக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அப்படியே சொன்னாள். ஸ்ட்ரூவனின் முகம் சிவந்தது. அந்த வைத்தியர் கெட்டவர், நான் உங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன் என்றார்.

"அவரும் நன்மைக்குத்தான் சொன்னாரு. எனக்குப் பரிச்சை வைங்க. தோத்தா நானே போறேன். வைக்காம என்னை நாற்காலிலேருந்து எழுப்ப முடியாது."

என்ன பரீட்சை என்று அவளே சொன்னாள். அவள் முன்பு கோடு போட்ட பழைய படங்களைப் புதுப் படங்களுக்கு நடுவே கலந்துவிட வேண்டும். எது பழையது என்று சொல்லக் கூடாது. மறுபடி கோடு போடச் சொல்ல வேண்டும். பழைய கோடும் புதுக் கோடும் ஒத்துப்போனால் கை சரி, கண் சரி. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள்: எனக்கு மட்டும் வைத்தால் அது பரீட்சை இல்லை, சந்தேகம். இந்த அறையில் கோடு போடுகிற எல்லோருக்கும் வைக்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் சேர்த்து.

கிரெகருக்கு இது பிடிக்கவில்லை. உன் கண்ணுக்கு நான் ஏன் பரீட்சை எழுத வேண்டும் என்று சத்தம் போட்டான். இரண்டு நாள் பொறுத்து, ஒத்துக்கொண்டதாக ஸ்ட்ரூவனிடம் சொல்லிவிட்டான். அவளிடம் சொல்லவில்லை.

பரீட்சை நடந்த வாரங்களில் தோராவின் பட்டரி ரொட்டி பாதி தின்றபடியே கிடக்கும். சன்னலுக்கு வெளியே கடற்காகங்கள் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். பயந்திருந்தாள். இதை அவள் ஒத்துக்கொள்ளவே மாட்டாள். ஆனால் ஒவ்வொரு கோட்டையும் முடித்துவிட்டு, இடது கண்ணை ஒருமுறை, வலது கண்ணை ஒருமுறை பொத்திப் பார்த்ததை அறை முழுவதும் பார்த்தது.

முடிவு வந்த அன்று எல்லோரும் கூட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். காலை நேரத்தில் தோரா போட்ட கோடுகள் பழைய கோடுகளின் மேல் அச்சு அசலாக உட்கார்ந்தன. மத்தியானத்துக்கு மேல் போட்டவை உட்காரவில்லை. விளிம்புகள் தளர்ந்திருந்தன. தழும்புகள் இருப்பதைவிடப் பெரிதாகிவிட்டிருந்தன. கிரெகர் எல்லா நேரத்திலும் ஒரே மாதிரி இறுக்கமாகப் போட்டிருந்தான். மாப்பிள்ளை பழைய கோட்டையே மயிரிழை பிசகாமல் திரும்பப் போட்டிருந்தார், பழைய தப்புகளையும் சேர்த்து.

ஸ்ட்ரூவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோராதான் பேசினாள். மத்தியானத்தில் அறை சூடேறுகிறது, அந்தச் சூட்டில் கண் மங்குகிறது என்றாள். சூடு இந்த வியாதிக்கு ஆகாது என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் அவளுக்கு வியாதி என்பதையே மறந்துதான் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சன்னலைத் திறந்துவைத்து இன்னொரு தடவை பாருங்கள் என்றாள்.

பார்த்தார்கள். சன்னல் திறந்திருந்தால் மத்தியானக் கோடு பாதிக்குமேல் சரியானது. முழுக்க ஆகவில்லை.

"முழுசா ஆகலை" என்று அவளே முதலில் சொன்னாள். "காலையில நான் கோடு போடறேன். மத்தியானம் போடமாட்டேன். மத்தவங்க போட்டதைச் சரிபார்க்கவும் மாட்டேன்."

அரைநாள் மட்டும் கோடு போடுகிறவர் என்று விதிகளில் ஒரு வேலையே இல்லை என்றார் ஸ்ட்ரூவன். இல்லையென்றால் எழுதுங்கள் என்றாள். அறையின் தலைமை முழுநாளும் இருக்க வேண்டுமே என்றார். தலைமை அவளுடையது, அந்த அறை உருவான நாளிலிருந்து அவளுடையது. கிரெகரைப் பார்க்காமலே, "கிரெகர் பார்த்துக்குவான்" என்றாள். எழுந்துபோய்த் தன் கோப்பையைக் கழுவினாள். சுத்தமாக இருந்த கோப்பை அது.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவளோடு இருப்பது சுலபமாக இருக்கவில்லை. கிரெகர் ஒரு கோட்டைத் திருத்தச் சொன்னால் சரிங்க ஐயா என்பாள். அந்த 'ஐயா'வில் உப்பு நிறைய. ஜனவரிக் குளிரில் சன்னல் விரியத் திறந்திருக்கும். வடகடல் காற்று நேராக உள்ளே வரும். மற்றவர்கள் மேலங்கியோடும் கம்பளித் தொப்பியோடும் கோடு போடுவார்கள். அவள் மட்டும் கை மடித்த பருத்திச் சட்டையில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கிரெகர் பொறுக்க முடியாமல் எழுந்து சன்னலடிக்குப் போனான். சாத்தத்தான் போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். காற்றில் படபடத்துக்கொண்டிருந்த திரைச்சீலையைக் கழற்றிச் சுருட்டி அலமாரியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். அன்றைக்கு அவள் அவனுக்கும் சேர்த்து இரண்டு பட்டரி ரொட்டி வாங்கி வந்திருந்தாள் என்பது அவனுக்கு மத்தியானம்தான் தெரிந்தது. ஐயா என்ற சொல் அதோடு நின்றது.

பரீட்சை முடிவை அவள் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தாள். தன் மத்தியானக் கோடுகளும் அதில் இருந்தன, மறைக்காமல். மருந்து தயாரிக்கிறவர்களின் ஆள் ஒருவர் அறையைப் பார்வையிட வந்தபோது, குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டே, சன்னல் ஏன் திறந்திருக்கிறது என்று விசாரித்தார். ஸ்ட்ரூவன் ஏதோ காற்றோட்டம் என்று ஆரம்பித்தார். தோரா நாற்காலியைச் சுழற்றித் திரும்பினாள்.

"எனக்கு எம்.எஸ். இருக்கு. சூடு ஆகாது. உங்க மருந்தை அளக்கறதுல பாதி நான்தான். சந்தேகம் இருந்தா சுவத்துல இருக்கு, படிச்சுப் பாருங்க. மத்தியானம் எப்படிச் சொதப்புவேங்கறதுகூட அதுல இருக்கு."

அவர் கிட்டப்போய்ப் படித்தார். நிறைய நேரம் படித்தார். உங்கள் மற்ற நிலையங்களில் கோடு போடுகிறவர்களுக்கு இந்தப் பரீட்சை உண்டா என்று அவள் கேட்டாள். போகும்போது அதன் பிரதி ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கால் இப்போது கொஞ்சம் இழுக்கிறது. படிக்கட்டில் கைப்பிடியை விடமாட்டாள். யாராவது முழங்கையைப் பிடித்தால் உதறுவாள். "விழுந்தா தூக்கு. விழறதுக்கு முன்னாடி தூக்காதே" என்பாள். வெஸ்ட்ரேயிலிருந்து அக்கா தொலைபேசியில் கூப்பிட்டு, வீட்டுக்கு வந்துவிடு, கடலைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம் என்பாள். கடல் இங்கேயும் இருக்கிறது என்று வைத்துவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ட்ரூவன் இன்னொரு ஆய்வைத் தொடங்கினார். மருந்து எதுவும் கிடையாது. வடக்குப் பகுதியில் இந்த வியாதி உள்ளவர்களின் மூளையை வருடா வருடம் அளந்து, அது எப்படிப் போகிறது என்று பார்ப்பது மட்டும். தோரா தன் பெயரைக் கொடுத்தாள். அளக்கிறவளே அளக்கப்படுகிறவளாகவும் இருப்பது எப்படி என்று ஸ்ட்ரூவன் தயங்கினார். படத்தில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும்; தன் படம் தன் திரைக்கு வந்தால் தெரிந்துவிடும், அந்த நிமிடமே சொல்லிவிடுகிறேன் என்றாள். "என் மூளையும் வரிசையில நிக்கட்டும். என்னால கணக்குல ஒரு புள்ளி கூடும்னா கூடட்டும்."

முதல் வருடப் படம் வேறு மேசைக்குப் போயிற்று. இரண்டாம் வருடப் படம் ஒரு பிப்ரவரிக் காலையில் அவள் திரைக்கே வந்தது. வழக்கம்போல் கவிழ்த்தாள். ரொட்டியைக் கடிக்கவில்லை. நீர் அறையின் இடது ஓரத்தில் விரல்விரலாக நீட்டிய அந்த வெள்ளையை எங்கே பார்த்தாலும் அவளுக்குத் தெரியும்.

அந்த நிமிடமே சொல்லவில்லை. சொல்வேன் என்றவள்தான், ஆனாலும் முதலில் ஒவ்வொரு சீவலாக மேலே போய்வந்தாள். யாருக்கும் முன்னால் தானே பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. பார்த்தாள். கோடு எதுவும் போடவில்லை. பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "கிரெகர், இது நான்" என்றாள்.

அவன் முதலில் விளங்காமல் அவளைப் பார்த்தான், பிறகு திரையைப் பார்த்தான். வேறு யாரிடமாவது கொடுக்கலாம் என்றான். வேறு யார் என்று கேட்டாள். இன்னொருவர் விடுப்பில் இருந்தார். மற்றவர்கள் இந்த வகைப் படத்துக்குப் பழகாதவர்கள். அதோடு, அறைத்தலைவன் அவன். படத்தைத் தன் திரைக்கு மாற்றிக்கொண்டான். நீ வெளியே போய்த் தேநீர் குடி என்றான். முடியாது என்றாள். போகவேண்டியது விதி என்றான். பார்க்கக் கூடாது என்பதுதான் விதி, இருக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை என்று சொல்லி, நாற்காலியை இழுத்துவந்து அவன் மேசைப் பக்கத்திலேயே, திரைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

கிரெகர் கோடு போடத் தொடங்கினான். முதலில் மூளை மொத்தமும் அளக்கப்பட்டது. போன வருடத்தைவிடச் சுருங்கியிருந்தது. அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பிறகு தழும்புகள். மவுஸ் சொடுக்கும் சத்தம் ஒரே சீராக வந்தது. பழைய தழும்பு, பழைய தழும்பு, பழைய தழும்பு. அவன் கை எப்படிப் போகும், எங்கே வளையும், எங்கே மூடும் என்பது அவளுக்குச் சத்தத்திலேயே தெரிந்தது.

மேல் அடுக்குகளில் ஓரிடத்தில் சத்தம் நின்றது.

அங்கே ஒரு வெளுப்பு இருந்தது. போன வருடம் இல்லாதது. மங்கல்தான். வேறு யாருடைய மூளையாக இருந்தாலும் கிரெகர் இரண்டு அடுக்கு மேலும் இரண்டு அடுக்கு கீழும் போய்ப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்று வளைத்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பான். இப்போதும் மேலே போனான், கீழே வந்தான். அது இருந்தது. மறுபடி மேலே போனான். கையை மவுஸிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டான்.

"புள்ள," என்றான். "ஒரு இடத்துல சந்தேகமா இருக்கு. மங்கலா இருக்கு. விட்டுடலாம்னு..."

"சந்தேகமா? இல்ல சங்கடமா?"

காற்று உள்ளே வந்து மேசைமேல் இருந்த தாள்களைப் புரட்டியது. அவன் மறுபடி மவுஸின்மேல் கை வைத்தான். சத்தம் வரவில்லை.

தோரா திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டி, துழாவி, அவன் மேசையின் விளிம்பைக் கண்டுபிடித்து, விரல் முட்டியால் ஒருமுறை தட்டினாள். கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள், மவுஸ் சொடுக்கும் வரைக்கும்.